கிராக்கி: ஒரு தெருச்சொல்லின் வழித்தடம்

(அம்பத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்குத் தலைப்பை எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஒரே ஒரு சொல்லை எழுதி அனுப்பினேன். அழைப்பிதழைப் பார்த்த பெரியவர் ஒருவர் தொலைபேசியில் வருத்தத்தோடு கேட்டார்: "மேடையில் பேசுகிற சொல்லா ஐயா இது? ரோட்டில் திட்டுகிற சொல் அல்லவா?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருக்குத் தொலைபேசியில் நான் பதில் சொல்லவில்லை. இன்றைய உரை முழுவதும் அவருக்கான பதில்தான்.

1. ஒரு நாள், ஒரு சொல்

நம் பகுதியில் ஒரு நாள் நடந்து பாருங்கள். ஆடி வெள்ளியன்று காலையில் திருமுல்லைவாயலில் பூ விற்கும் அம்மாவிடம் ஒரு முழம் கேட்கிறீர்கள். "மல்லி கிராக்கியா இருக்கும்மா, அந்த விலைக்குக் கட்டாது" என்கிறார். இங்கே கிராக்கி என்பது தட்டுப்பாடு. அதனால் ஏறிய விலை.

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறீர்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்கிறார்: "இன்னிக்கு கிராக்கியே இல்லபா, காலைலேர்ந்து ரெண்டே டிரிப்பு." இங்கே கிராக்கி என்பது ஓர் ஆள். வண்டியில் ஏறிக் காசு கொடுக்கும் மனிதர்.

நண்பகலில் ஒரு தொழிற்சாலை வாயிலில் கொடிக்கம்பத்தின் அடியில் கூட்டம் நடக்கிறது. நரைத்த தலையோடு பழைய சங்கத் தோழர் ஒருவர் பேசுகிறார். இளைஞர்கள் 'டி.ஏ.' என்கிறார்கள். அவர் மட்டும் இன்னமும் 'கிராக்கிப்படி' என்றே சொல்கிறார். இங்கே அந்தச் சொல் சம்பளத்தின் ஒரு பகுதி. போராடிப் பெற்ற உரிமை.

மாலையில் வீட்டில் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நான்கு நாளாக வருகிறேன் வருகிறேன் என்கிறார். "ரொம்பத்தான் கிராக்கி பண்ணிக்கிறாரு" என்று வீட்டில் முணுமுணுக்கிறார்கள். இப்போது கிராக்கி என்பது பிகு. தன்னை எளிதில் கிடைக்காதவராக ஆக்கிக்கொள்வது.

இரவு பூந்தமல்லி, கரையான்சாவடி. சாலையைக் கடக்கும் ஒருவர் கைபேசியைப் பார்த்தபடி வண்டியின் குறுக்கே வந்துவிடுகிறார். பிரேக் கிறீச்சிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே தலை நீள்கிறது: "டேய் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

ஐந்து இடம், ஐந்து பொருள். பூக்கார அம்மாவுக்கும் ஓட்டுநருக்கும் சங்கத் தோழருக்கும் இடையே இந்தச் சொல்லால் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. யார், யாரிடம், எந்தக் கொடுக்கல் வாங்கலின் நடுவே சொல்கிறார் என்பதிலேயே பொருள் விளங்கிவிடுகிறது. அகராதியைப் புரட்டாமலே ஒரு சமூகம் ஐந்து பொருளையும் கட்டிக் காத்து வருகிறது. இதைப் பாமரத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் வலிக்கும். மொழியை இவ்வளவு நுட்பமாகக் கையாளுகிறவர்களைப் பாமரர் என்பது எப்படி?

2. பிடிப்பவர், எடுத்துக்கொள்பவர்

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வடமொழியில் 'கிரஹ்' என்று ஒரு வினையடி உண்டு. பற்று, பிடி, எடுத்துக்கொள் என்று பொருள். அதிலிருந்து 'கிராஹக' என்ற பெயர் பிறந்தது: எடுத்துக்கொள்பவர், வாங்குபவர். பிராகிருதத்தில் ரகரம் உதிர்ந்து 'காஹக' ஆயிற்று. இந்தியில் இன்றும் கடைக்கு வருபவர் 'காஹக்', 'கிராஹக்'. மராத்தியில் 'கிர்ஹாயீக்'. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'கிராகி'. கன்னடத்தில் அது பெரும்பாலும் வாங்க வருபவரைக் குறிக்கும். தெலுங்கில் பொருளுக்கு இருக்கும் தேவையைக் குறிக்கும். தமிழ் இரண்டையும் எடுத்துக்கொண்டது.

நம் பகுதிக்கு இந்தச் சொல் வர வழிகள் பல இருந்தன. தஞ்சை மராத்தியர் காலத்திலிருந்து கணக்கு வழக்கில் மராத்திச் சொற்கள் புழங்கின. ஆற்காட்டு நவாபு ஆட்சியோடு தக்காணத்து உருது வந்தது. தெலுங்கோ நமக்கு அடுத்த வீட்டு மொழி. திருத்தணி 1960 ஏப்ரலில்தான் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. திருவள்ளூர்ச் சந்தையில் ஒரே தராசின் இரு பக்கமும் நின்று தமிழும் தெலுங்கும் பேரம் பேசியிருக்கின்றன. அயல் மொழிச் சொற்கள் பெரும்பாலும் சந்தை வழியாகத்தான் ஓர் ஊருக்குள் நுழையும். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டாக வேண்டுமே.

'கிராகி' தமிழுக்கு வந்ததும் ஏன் ஒரு 'க்' கூடிற்று? இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் ஒற்றைக் ககரத்தை நாம் மென்மையாகத்தான் ஒலிப்போம். 'பகல்', 'அகம்' என்று சொல்லிப் பாருங்கள். வல்லோசையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். அரபியின் 'பாகீ' நம் கணக்கில் 'பாக்கி' ஆனதும் இப்படித்தான். இலக்கணம் படிக்காத ஒரு வண்டிக்காரரின் நாக்கு தமிழின் ஒலி விதியைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. வந்த சொல்லை அந்த நாக்கு தமிழாக்கியே உள்ளே விட்டது.

அந்த வடமொழி அடியிலிருந்து நமக்கு வந்த மற்றச் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். மனிதனைப் பிடிப்பதாக நம்பப்படுவது கிரகம். சூரியனையும் நிலவையும் பிடிப்பது கிரகணம். மனத்தால் பிடிப்பது கிரகித்தல். மணமகளின் கையைப் பிடிப்பது பாணிக்கிரகணம். உண்மையை விடாமல் பிடித்து நிற்பது சத்தியாகிரகம். காந்தியடிகள் உலகுக்குத் தந்த சொல்லும், ஷேர் ஆட்டோ ஓட்டுநர் நள்ளிரவில் கத்தும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றை நாம் கோயிலில் வைத்தோம், மற்றதைச் சாக்கடையோரம் நிறுத்தினோம். அந்த உயர்வு தாழ்வு சொற்களோடு பிறந்ததில்லை. அவற்றைச் சொல்லும் வாய்களுக்கு நாம் கொடுத்த இடம் அது.

சென்னைத் தமிழின் வேறு வசைகளுக்கும் இப்படிப்பட்ட வம்சம் உண்டு. 'கஸ்மாலம்' என்ற சொல்லுக்கு மூலமான வடசொல், பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அருச்சுனனிடம் பேசும் முதல் வாக்கியத்திலேயே வருகிறது. அங்கே அது மனச்சோர்வைக் குறிக்கிறது. 'பேமானி' பாரசீக, உருது வழியில் வந்தது. நேர்மையற்றவர் என்று பொருள். 'பேஜார்' பாரசீகத்தில் சலிப்புற்ற நிலை. 'துட்டு' டச்சுக்காரர்களின் செப்புக் காசு. கோட்டையும் துறைமுகமும் கண்டோன்மென்டும் சந்தையும் ஒரு நகரத்தின் வாயில் விட்டுச் சென்ற தடங்கள் இவை.

3. ஆவடி கற்றுத் தரும் பாடம்

கிராக்கிக்கு இன்னொரு மூலம் சொல்பவர்களும் உண்டு. பாரசீகத்தில் 'கிரான்' என்றால் கனமானது, விலை கூடியது. 'கிரானி' என்றால் விலையேற்றம். பொருள் அப்படியே பொருந்துகிறதே, அதுதானே மூலமாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். அந்தச் சொல்லும் நமக்கு அந்நியமில்லை. வடமொழியில் கனத்தைக் குறிக்கும் 'குரு'வுக்கு அது உறவு.

ஆனால் பொருள் பொருந்துவது மட்டும் போதாது, ஒலியும் பொருந்த வேண்டும். 'கிரானி'யின் னகரம் ககரமாக மாறக் காரணமே இல்லை. அதோடு, விலையேற்றத்திலிருந்து தொடங்கினால் 'ஆள்' என்ற பொருளுக்கு வந்து சேர வழியில்லை. வாங்குபவரிலிருந்து தொடங்கிப் பாருங்கள், எல்லாம் படிப்படியாக விளங்கும். வாங்குபவர் ஒருவர் கிராக்கி. வாங்குபவர் பலர் வந்தால் பொருளுக்குக் கிராக்கி. கிராக்கி கூடினால் விலை ஏறும். அந்த விலையேற்றமும் கிராக்கி. தன்னைத் தேடி நாலு பேர் வருவார்கள் என்று தெரிந்தவர் காட்டும் பிகுவும் கிராக்கி. முதல் படி மனிதர். மற்றவை அவர்மேல் ஏறி நிற்பவை. ஆகவே வாங்குபவரே மூலம் என்று நான் கொள்கிறேன்.

பொருள் பொருந்திவிட்டால் போதும் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து ஊரே சாட்சி. ஆவடி என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், கவச வாகனங்களுக்கும் வெடிமருந்துக்கும் உரிய கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகளைக் கோத்துப் பத்தில் எட்டுப் பேர் விளக்கம் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லித் தருகிறோம். அழகாகப் பொருந்துகிறது, உண்மைதான். ஆனால் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961-இல். முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது 1965-இல். காங்கிரஸ் மகாசபை தேபர் தலைமையில் கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது 1955 ஜனவரியில். அப்போதே இந்த ஊர் ஆவடிதான். டாங்கித் தொழிற்சாலை வருவதற்கு முன்பே ஊர் இருந்தது, ஊருக்கு ஒரு பெயரும் இருந்தது. முதலெழுத்துகள் பிறகு வந்து அந்தப் பெயரில் குடியேறின.

இந்தக் கட்டுக்கதையை நான் பழிக்கவில்லை. ஓர் ஊர் தன் பிழைப்பை எப்படிப் பார்க்கிறது என்று அது காட்டுகிறது. டாங்கியால் சோறு உண்டவர்கள் தங்கள் ஊர்ப் பெயரையும் டாங்கியாலேயே படித்தார்கள். ஆனால் சொல்லின் பிறப்பை அறிய விரும்புகிறவர் கதையின் அழகில் மயங்காமல் காலத்தையும் ஒலியையும் கேட்க வேண்டும்.

4. வாடிக்கையும் கிராக்கியும்

கடைக்கு வருபவரைச் சொல்லத் தமிழில் வேறு சொற்கள் இல்லையா? உண்டு. 'வாடிக்கை' என்றால் வழக்கம். வழக்கமாக வருகிறவர் வாடிக்கையாளர். ஆங்கிலத்தின் 'கஸ்டமர்' இதே போல வழக்கத்தைக் குறிக்கும் 'கஸ்டம்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. சட்டத்தில் அவர் 'நுகர்வோர்'. பேருந்தில் அவர் 'பயணி'. இத்தனை இருந்தும் ஸ்டாண்டில் ஏன் கிராக்கி நிலைத்தது?

வாடிக்கைக்கு முகம் உண்டு. என்ன வேண்டும் என்று கேட்காமலே மளிகைக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். கடன் சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார். கிராக்கிக்கு முகம் கிடையாது. வந்தார், ஏறினார், இறங்கினார், காசு கொடுத்தார், போனார். நாளை வருவாரா என்பது தெரியாது. கிராமத்துச் சந்தையில் வாடிக்கை போதும். ஆனால் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், பாடியின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள், 1960-களில் உருவான எஸ்டேட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வட ஆற்காட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆள் வந்து இறங்கிய ஊரில், இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இறங்கும் ஊரில், ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்களே அதிகம். அறிமுகமற்றவர்களின் ஊருக்கு அறிமுகமற்றவரைக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. கிராக்கி அந்த வேலையைச் செய்தது.

வாங்குபவரைக் குறித்த சொல் வெறும் 'ஆள்' என்று ஆவது உலகெங்கும் நடப்பதுதான். ஆங்கிலத்தில் நண்பனை 'சாப்' என்று அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வணிகரைக் குறித்த 'சாப்மன்' என்ற பழஞ்சொல்லின் சுருக்கம் அது. ஒரு காலத்தில் அதற்கு வாங்க வந்தவர் என்றும் பொருள் இருந்தது. பிறகு 'ஓர் ஆள்' என்றே ஆகிவிட்டது. கன்னடத்திலும் ஒருவரைப் பற்றி 'பெரிய கிராகி' என்று சொன்னால் கடைக்கு வந்தவர் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை; கெட்டிக்கார ஆசாமி என்றே புரிந்துகொள்வார்கள்.

இந்தச் சொல்லின் வழியில் ஓர் இருண்ட சந்தும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. பெண்ணை இழிவுபடுத்தவும் நம் தெருக்களில் கிராக்கி என்கிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் 'கஸ்டமர்' என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது; பாலியல் தொழிலில் இருந்த பெண்ணை அப்படி அழைத்தார்கள். இரண்டு மொழியிலும் ஒரு விந்தை உண்டு. சொல்லின் இயல்பான பொருளின்படி விலை கொடுத்து வாங்குபவன் ஆண், அவன்தான் கிராக்கி. ஆனால் வசை வாங்குபவன்மேல் விழாமல், விலைக்கு ஆளாக்கப்பட்ட பெண்மேல் விழுந்தது. சமூகம் பழியை எங்கே தள்ளுகிறது என்பதற்கு ஒரு சொல்லே சாட்சியாக நிற்கிறது. மாணவர்களே, இந்தப் பொருளில் இதை ஒருநாளும் சொல்லாதீர்கள். ஆனால் இப்படி ஒரு பொருள் இருந்ததை மறக்காதீர்கள்.

5. கிராக்கிப்படி

என் தந்தையார் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் டர்னர். லேத்தில் நின்று நின்று கால் நரம்பு புடைத்தவர். சம்பளச் சீட்டை அம்மாவிடம் கொடுக்கும்போது இரண்டு வரியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார்: அடிப்படைச் சம்பளம், கிராக்கிப்படி. "இது என் கைக்கு, அது அரிசிக்கு" என்பார். பொருளாதாரத்தில் நான் படித்த முதல் பாடம் அந்த ஒரு வரிதான்.

விலைவாசி ஏறும்போது சம்பளம் அப்படியே இருந்தால், உழைப்பவர் ஏமாற்றப்படுகிறார் என்ற உண்மையின் பெயர் கிராக்கிப்படி. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் 1918-இல் சென்னையில் அரிசி விலை ஏறி மக்கள் கடைகளைச் சூறையாடும் அளவுக்குக் கொந்தளித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் நமக்குக் கிழக்கே பெரம்பூரில் பி. அண்டு சி. ஆலைத் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உணவு விலையேற்றத்துக்கு ஈடாகத் தனிப்படி கொடுக்கும் முறை வேரூன்றியது. பிறகு நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணோடு அதைக் கட்டினார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், வாடகை, துணி, பயணம் என ஒரு தொழிலாளர் குடும்பம் வாங்கும் பொருள்களைக் கூடையாக வைத்து அதன் விலை எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது அந்த எண். குறியீடு ஒரு புள்ளி ஏறினால் படி எத்தனை பைசா ஏற வேண்டும் என்பதற்காகவே வாயில் கூட்டங்களும் வேலைநிறுத்தங்களும் பேச்சுவார்த்தைகளும் நடந்தன. 'புள்ளி' என்ற சொல்லைக் கோலத்தில் கேட்பதற்கு முன் சங்கக் கூட்டத்தில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

இந்தப் படிக்கு மூன்று பெயர் உண்டு. பஞ்சத்தை நினைவில் வைத்த தலைமுறை 'பஞ்சப்படி' என்றது. சந்தையை அறிந்த தலைமுறை 'கிராக்கிப்படி' என்றது. அரசாணைகள் இன்று 'அகவிலைப்படி' என்கின்றன. அகவிலை என்றால் தானிய விலை. அருமையான பழந்தமிழ்ச் சொல். அதை மீட்டவர்களுக்கு நன்றி. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அகவிலை என்னும்போது தானியம் தெரிகிறது. பஞ்சம் என்னும்போது பசி தெரிகிறது. கிராக்கி என்னும்போது வரிசையில் நிற்கும் மனிதர் தெரிகிறார். மூன்றையும் வைத்துக்கொள்வோம். ஒன்றை ஏற்றிவிட மற்றொன்றை இறக்கத் தேவையில்லை. பாருங்கள், பொருளாதாரத்தில் வாங்குவோர் பக்கத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'தேவை' என்கிறது, இலங்கைத் தமிழ்ப் பாடநூல் 'கேள்வி' என்கிறது, இரண்டு நாட்டுச் சந்தையும் 'கிராக்கி' என்கிறது. தமிழ் இதனால் ஏழையாகவில்லை.

6. சாவுகிராக்கி

இப்போது அந்தப் பெரியவர் முகம் சுளித்த சொல்லுக்கு வருகிறேன்.

இதற்கு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். ஜட்காவும் கைரிக்‌ஷாவும் ஓடிய காலத்தில், சாவு வீட்டிலிருந்து வண்டி கூப்பிட வந்தவரைச் 'சாவுகிராக்கி' என்றார்கள், முதல் போணியே அப்படி அமைந்தால் நாள் விளங்காது என்ற எண்ணத்தில் அது வசையாயிற்று என்பது ஒன்று. சாவே உனக்குத் தட்டுப்பாடாகப் போயிற்றா, இன்னும் உயிரோடு இருக்கிறாயே என்ற சாபம் என்பது இன்னொன்று. சாவுக்குக் கிராக்கியாகப் போகிறவன், சாவிடம் வலியப் போய் நிற்கிறவன் என்பது மூன்றாவது.

மூன்றாவதையே நான் ஏற்கிறேன். அந்தச் சொல் எங்கே பிறக்கிறது என்று கவனியுங்கள். கடையில் பேரம் படியாதபோது யாரும் சாவுகிராக்கி என்பதில்லை. சக்கரத்துக்கு முன்னால் ஒருவர் வந்துவிட்ட நொடியில் அது வாயிலிருந்து தெறிக்கிறது. அதன் துணைவாக்கியத்தைப் பாருங்கள்: "வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணத்தைச் சொல்கின்றன. நீ என் வண்டிக்குக் கிராக்கியாக வந்திருந்தால் ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். நீ சாவின் வண்டிக்குக் கிராக்கியாக வந்து நிற்கிறாயே. உன் வீட்டில் உனக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது தெரியுமா?

எனக்குப் பத்து வயது. டன்லப் நிறுத்தத்தில் எம்.டி.எச். ரோட்டைக் கடந்து பட்டறைக்கு அப்பாவின் சாப்பாட்டுக் கூடையைக் கொண்டுபோவது என் வேலை. ஒரு நாள் பாராமல் ஓடினேன். ஒரு சரக்கு வண்டி என் கூடையைத் தொடும் தூரத்தில் நின்றது. ஓட்டுநர் குதித்து இறங்கினார். "சாவுகிராக்கி! எங்கடா பாத்துனு வர்ற?" என்று கத்தினார். என் தோளைப் பற்றியிருந்த அவர் கை நடுங்கியது. நான் அழுததைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. ரோட்டின் மறுபக்கம் வரை என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் விட்டார். "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கம்மாவுக்கு யாருடா பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பினார்.

அவர் பெயர் தெரியாது. அவருக்கு நானும் எனக்கு அவரும் முகமறியாதவர்கள். ஆனால் அன்று அவர் கத்திய சொல்லுக்குள் இருந்தது வெறுப்பு இல்லை என்பது அந்தக் கையைப் பிடித்து நடந்த எனக்குத் தெரியும். அச்சத்துக்கு நிதானமான மொழி கிடையாது. ஓர் உயிர் போயிருக்குமே என்ற பதைப்பு, கையில் அகப்பட்ட தொழிற்சொல்லை எடுத்து வீசுகிறது. நாள் முழுக்கக் கிராக்கி தேடுகிற மனிதருக்கு, சாவையும் கிராக்கி தேடி அலையும் ஒரு வண்டிக்காரனாகத்தான் கற்பனை செய்ய முடிந்தது. உவமை என்று வகுப்பில் நாம் சொல்லித் தருவது இதைவிடச் செறிவாக எங்கே இருக்கிறது?

திரையில் இந்தத் தமிழைக் காட்டியபோது நாம் சிரிக்கப் பழகினோம். 1958-இல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு பேசிய ரிக்‌ஷாக்காரத் தமிழ் தொடங்கி, தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் வரை அது நகைச்சுவையின் மொழியாகவே நின்றது. அவர்கள் திறமையை வணங்குகிறேன். ஆனால் அந்தத் தமிழுக்கு அழவும் தெரியும், கோபிக்கவும் தெரியும், நியாயம் கேட்கவும் தெரியும் என்று எழுத்தில் நிலைநாட்டியவர் ஜெயகாந்தன். 'உன்னைப் போல் ஒருவன்' படித்தவர்கள் அந்த மொழியைக் கேட்டு மறுபடி எளிதில் சிரித்துவிட மாட்டார்கள்.

7. செய்ய வேண்டியது

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராக்கி போல நூறு சொற்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அவற்றைத் திரட்டுங்கள். வெறும் சொல்லையும் பொருளையும் எழுதினால் போதாது. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த வேலையின் நடுவே, எந்தக் குரலில் என்று எழுதுங்கள். எஸ்டேட் பட்டறை, பாடி சந்திப்பு, பட்டாபிராம் ரயில்வே கேட், பூந்தமல்லிப் பூக்கடை, கூலித் தொழிலாளர்கள் கூடும் கோயம்பேடு என்று இடம் பிரித்துப் போங்கள். வேர் தெரியாத சொல்லுக்கு வேரைக் கற்பனை செய்யாதீர்கள்; ஆவடியை நினைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, சொல்லைக் கொடுத்தவருக்கு முன்னால் உட்கார்ந்து கேளுங்கள், நின்றுகொண்டு கேட்காதீர்கள். ஸ்டாண்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால், அவர் சொல்லைத் தருவதோடு தன் வாழ்க்கையையும் சேர்த்தே தருவார்.

கடைசியாக ஒன்று. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் என் தந்தையார் வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டது. கணினி சொன்னபடி தானே கடையும் புதிய எந்திரங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வந்துவிட்டன. சில மாதம் வாயில் வாயிலாகப் போய் வேலை கேட்டார். ஒரு மாலை திண்ணையில் உட்கார்ந்து, எண்ணெய்க் கறை போகாத தன் விரல்களைப் பார்த்தபடி சொன்னார்: "இந்தக் கைக்குக் கிராக்கி போச்சுடா."

அன்று அந்தச் சொல்லின் எல்லாப் பொருளும் எனக்கு ஒன்றாகப் புரிந்தது. பூவுக்கும் அரிசிக்கும் சவாரிக்கும் சொல்கிற அதே சொல்லால் ஒரு மனிதர் தன்னை அளந்துகொண்டார். இந்த ஊர் மனிதர்களைத் தேடி அழைத்து வந்தது. தேவை தீர்ந்ததும் கை கழுவியது. அதை ஒரே சொல்லில் சொல்ல அவரிடம் தமிழ் இருந்தது. வாங்குபவர் யார், விலை என்ன, யார் வேண்டும், யார் வேண்டாம் என்று இந்த ஊர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் அத்தனையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

அழைப்பிதழைப் பார்த்து வருந்திய பெரியவர் இந்த அவையில் இருக்கிறார். ஐயா, இது ரோட்டில் பேசுகிற சொல்தான். என்னை ரோட்டின் மறுபக்கம் கொண்டுபோய் விட்டவரும் இந்தச் சொல்லைத்தான் பேசினார். அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தெரியாத வயது. அந்த நன்றியைச் சொல்ல எனக்குக் கிடைத்த மேடை இது.